நபுகேராவின் இடுப்புப் பெட்டி

நான் வாயால் பிழைக்கிறவன். எங்கள் பக்கத்தில் பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளை பேச மாட்டார், அவருடைய அப்பாவும் பேச மாட்டார். அவர்களுக்காகப் பேச என்னைப் போல ஒருவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெண் வீட்டாருக்கும் ஒரு பேச்சாளன் இருப்பான். எதிரெதிரே இரண்டு பந்தல், நடுவே பாய். நானும் அவனும் பொழுதெல்லாம் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருப்போம். அப்படி வாரி வாரியே கடைசியில் சம்பந்தம் முடிந்துவிடும். கம்பாலாவிலிருந்து மசாகா வரைக்கும் லுப்வாமா என்றால் தெரியாத பந்தல்காரன் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. பதினோரு வருடமாக என் உடம்பில் மைக் மாட்டிவிடுகிற நபுகேராவைப் பற்றி.

நபுகேரா குள்ளம். தலையில் ஒரு பழைய தொப்பி, கழுத்தில் ஹெட்ஃபோன், மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒட்டு டேப் சுருள். வணக்கம் சொல்வதற்கு முன்பே "கையைத் தூக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். தூக்கினால் இரண்டு நொடியில் கோட்டுக்குள் கை விட்டு, சீட்டுக்கட்டு அளவில் இருக்கிற அந்தப் பெட்டியை உள்பையில் சொருகி, அதிலிருந்து வருகிற மெல்லிய வயரைக் காலருக்கு அடியில் ஏற்றி, நுனியில் இருக்கும் மைக்கைச் சரியான இடத்தில் ஒட்டிவிடுவாள். மைக் எடுக்கிற குரலை அந்தப் பெட்டி காற்றிலேயே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அவளுடைய மேசைக்கு அனுப்பும். கையில் பிடிக்க வேண்டியதில்லை, வயரை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. என்னைப் போல் பந்தலுக்குப் பந்தல் நடந்து ஆட்டம் காட்டுகிறவனுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை.

அது இடுப்பு பெல்ட்டில் மாட்டுவதற்கென்று செய்த பெட்டி. இங்கேதான் வெள்ளைக்காரனுக்குத் தெரியாத சிக்கல். விசேஷத்துக்கு நாங்கள் உடுத்துவது கன்சு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே வெள்ளை அங்கி, மேலே ஒரு கோட்டு. அதில் பெல்ட்டுக்கு எங்கே போவது? உள்ளே கால்சட்டையில் இருக்கிறது, ஆனால் மைக் மாட்ட நானூறு பேர் முன்னால் யார் அங்கியைத் தூக்குவது? மற்ற ஒலிபெருக்கிக்காரர்கள் இன்றைக்கும் பெரிய மனிதர்களைக் கழிப்பறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த்தான் மாட்டுகிறார்கள். நபுகேரா ஆரம்பத்திலேயே கோட்டுப் பைக்கு மாறிவிட்டாள். சில்லறையும் சாவியும் உரசாமல் இருக்க அவளே தைத்த துணி உறை வேறு. பெண்களுக்குக் கவலையில்லை. கோமேசி என்கிற நீள அங்கியின் மேல் கட்டுகிற அகலமான இடுப்புத் துணி இருக்கிறதே, அதில் ஒன்றென்ன, மூன்று பெட்டி நிற்கும்.

மாட்டி முடித்ததும் எல்லோரும் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லச் சொல்வார்கள். நபுகேரா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள். எண்ணச் சொன்னால் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கத்துவார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால்தான் சொந்தக் குரல் வரும் என்பது அவள் கணக்கு. ஒரு பெரிய வீட்டுக்காரர் முட்டை, சாசேஜ், ஆரஞ்சு ஜூஸ் என்று பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி அடுக்கினார். பின்னாலிருந்து அவர் மனைவி, மரவள்ளிக் கிழங்குதானே தின்றீர்கள் என்று கேட்டுவிட்டார். அவருடைய நிஜக் குரல் அப்போதுதான் வந்தது. நபுகேரா சிரிக்காமல் அந்தக் குரலுக்கு ஏற்ற மாதிரி மேசையில் திருகிக்கொண்டாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் படித்து வரவில்லை. கம்பாலாவில் கூட்டங்கள் நடக்கும் ஓட்டல் ஒன்றில் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பேசி முடித்த பெரிய மனிதர் ஒருவர், பெட்டியும் மைக்குமாக அப்படியே கார் ஏறி விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிட்டார். ஓட்டலே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இவள் வாடகை பைக்கில் ஏறினாள். என்டெபே சாலை நெரிசலில் காரைப் பிடித்து, கண்ணாடியைத் தட்டி, "ஐயா, இடுப்பைக் காட்டுங்க" என்றாளாம். பெட்டியோடு திரும்பி வந்தவளை மறுநாளே மைக் பக்கம் மாற்றிவிட்டார்கள். பிறகு இரண்டு பெட்டி சொந்தமாக வாங்கினாள், அது நான்காகி எட்டாகியது. எண்ணி வாங்காமல் இன்றுவரை யாரையும் பந்தலை விட்டு விட மாட்டாள். பிஷப் ஒருவரைத் தடவிப் பார்த்ததை நானே என் கண்ணால் பார்த்தேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகாது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். முப்பத்தெட்டு வயது, ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் மைக் மாட்டியாயிற்று, இனி எங்கே என்று பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன், மறைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற முத்யாபாவோடு அவளுக்குத் தகராறு ஆரம்பித்தது. அவருடைய ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றால் ஒலிபெருக்கியில் வண்டு குடைவது மாதிரி ஒரு சத்தம் வரும். தள்ளி வை என்றாள். வைத்தார். இன்னும் தள்ளி என்றாள். கேபிள் வாங்கினார். நான்கு வருடம் இப்படி ஜெனரேட்டரைத் தள்ளித் தள்ளி வைத்தே மனிதர் அவள் பக்கத்தில் வந்துவிட்டார். பெண் கேட்கப் போகப் பேச்சாளன் வேண்டும் என்று அவர் என்னிடம் வந்தபோது நான் முதலில் வேடிக்கை என்று நினைத்தேன்.

இப்போது நபுகேராவின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செபுன்யா, கம்பாலா வேன் நிலையத்தில் மசாகா வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுகிறவராக முப்பது வருடம் நின்றவர். "மசாகா மசாகா" என்று அவர் ஒரு தடவை கத்தினால் வேறு ஊருக்குக் கிளம்பினவனும் யோசிப்பான். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்தார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் குரல் போய்விட்டது. மிஞ்சியது ஒரு கிசுகிசுப்பு மட்டும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே பாதிதான் கேட்கும். மனிதர் மெல்ல மெல்லப் பேசுவதையே விட்டுவிட்டார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். மற்றதையெல்லாம் பேச்சாளன் பேசலாம், ஆனால் பெண்ணைக் கொடுத்தோம் என்ற வார்த்தையைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும், வந்தவர்கள் பந்தலுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவருடைய தம்பி சொல்வார். தம்பி செகிட்டோ நல்ல மனிதர்தான், அண்ணன் கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தார். ஆனால் கொஞ்சம் கூடவே நினைத்துவிட்டார், இரண்டு பக்கத்துக்கு எழுதியே வைத்துவிட்டார். செபுன்யாவுக்கோ அந்த ஒரு வார்த்தையைத் தானே சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நபுகேராவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அந்தக் குரலுக்கு மார்பில் குத்துகிற மைக் உதவாது. பெட்டியில் திருகைக் கூட்டினால் அவர் குரலுக்கு முன் ஒலிபெருக்கி ஊளையிடும். உதட்டோரம் மைக் வந்து நிற்கிற மாதிரிக் காதில் மாட்டும் ஒன்றை நபுகேரா எங்கிருந்தோ வாங்கி வந்தாள். இரண்டு வாரம் தினமும் வேலை முடிந்து ம்பிகியில் அப்பா வீட்டுக்குப் போய், முற்றத்தில் ஒலிபெருக்கியை வைத்து, முடி அளவு முடி அளவாக மைக்கை நகர்த்திப் பார்த்திருக்கிறாள். முதல் நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"கல்யாணப் பொண்ணு செய்யற வேலையாடி இது? பாட்டுக்காரி மாதிரி இருக்கு என்னைப் பாத்தா."

"சரி, விடுங்கப்பா. சித்தப்பா ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்காரு. அவரே பேசட்டும்."

"மாட்டு."

அந்த நாள் வந்தது. நல்ல வெயில், நானூறு பேர். பெண் வெளியே தலை காட்டக் கூடாது, கூப்பிடும்போதுதான் வர வேண்டும். அதனால் மேசையில் நபுகேராவோடு வேலை பார்க்கும் கிசாக்யே உட்கார்ந்திருந்தாள். ஆனால் விடிந்ததும் எல்லோருக்கும் மைக் மாட்டிவிட்டது நபுகேராதான், கோமேசி உடுத்துவதற்கு முன்னால். எனக்கும் மாட்டினாள். அப்பா பேசும்போது கேட்கவில்லை என்று கேலி பண்ணாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

அதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஒரு வித்தை உண்டு. பெண்ணின் தகப்பன் கொடுத்தேன் என்றதும் நான் காதில் கை வைத்து, எங்கள் பந்தலுக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்பேன். மறுபடி சொல்வார். மறுபடியும் கேட்கவில்லை என்பேன். மூன்றாம் தடவை தகப்பன் கத்த, பந்தல் இரண்டும் சிரித்து உருளும். பதினைந்து வருடமாக இது பொய்த்ததே இல்லை. செபுன்யா வீட்டில் அதைச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? மூன்று நாளாக எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

காலையெல்லாம் ஆட்டம் பிரமாதமாகப் போயிற்று. ஜெனரேட்டரை அடுத்த மாவட்டத்தில் வைத்தாலும் வைப்பார், பெண்ணைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார் என்று மாப்பிள்ளையைப் பற்றி நான் சொன்னதுக்கு எதிர்ப் பந்தலே கை தட்டியது. முத்யாபா தலை நிமிரவில்லை, குனிந்தபடி சிரித்தது காது வரை தெரிந்தது. பிறகு பரிசுகள் வந்தன. பெண்ணின் அப்பாவுக்கு நாங்கள் கொண்டுபோன புதுக் கன்சுவை எடுத்துக் கொடுத்தோம். அதை அங்கேயே உடுத்திக் காட்டச் சொல்வதும் என் வித்தைகளில் ஒன்று. சொன்னேன். செபுன்யா எழுந்தார். செகிட்டோ ஓடி வந்து அண்ணனின் கோட்டைக் கழற்றினார். காதிலிருந்த மைக் கம்பி இடைஞ்சலாக இருந்தது, அதையும் பாசமாகக் கழற்றிக் கோட்டோடு சேர்த்து மடித்து, அழுக்காகாமல் உள்ளே வை என்று ஒரு பெண்ணிடம் கொடுத்தார். எல்லோரும் புதுக் கன்சுவைப் பார்த்தோம். ஒருவரும் கோட்டைப் பார்க்கவில்லை.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த நபுகேராவிடம்தான் அந்தக் கோட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. பைக்குள் பெட்டி, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம்.

வெளியே செபுன்யா அந்த வார்த்தையைச் சொல்ல எழுந்து நின்று வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது? கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"எங்க பந்தலுக்கு ஒண்ணும் கேக்கலையே. பொண்ணைக் குடுக்க மனசில்லையோ?"

எங்கள் பக்கம் பழக்க தோஷத்தில் சிரித்தது. எதிர்ப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. செபுன்யா மறுபடி சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது, சத்தம் மட்டும் இல்லை. என் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. எவ்வளவோ பேரைக் கேலி செய்திருக்கிறேன், ஒரு மனிதனை இப்படி நிறுத்தி வைத்து அவமானப்படுத்தியது அன்றைக்குத்தான். செகிட்டோ மெல்ல எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அண்ணனின் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். செபுன்யா உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது.

கூப்பிடாமல் பெண் வெளியே வந்ததை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. மஞ்சள் கோமேசி, தோள் இரண்டும் கூராக நிற்க, கையில் அப்பாவின் கோட்டு. பின்னாலேயே அவளுடைய அத்தை நந்துமே, நிறுத்து நிறுத்து என்று வருகிறார். நபுகேரா பாயின் விளிம்பு வரை நடந்தாள். அங்கே மண்டி போட்டாள். மண்டியிலேயே நகர்ந்து அப்பாவின் முழங்காலருகே போய்ச் சேர்ந்தாள். மகள் தகப்பன் முன் மண்டியிட்டால் யார் என்ன குறை சொல்ல முடியும்? நந்துமே கெட்டிக்காரி. ஒரு நொடி யோசித்தார், உடனே வாயில் கை வைத்துக் குலவையிட்டார். பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். இதுவும் சடங்கில் ஒன்றுதான்போல என்று எங்கள் பந்தல் நினைத்துக்கொண்டது.

குலவைச் சத்தத்துக்குள் அவள் வேலையை முடித்தாள். கம்பியை அவர் காதில் மாட்டினாள், மைக்கை உதட்டோரம் கொண்டுவந்தாள். பெட்டியை எங்கே வைப்பது? மறுபடி கோட்டைப் போட்டுப் புதுக் கன்சுவை மறைத்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை இல்லை. கன்சுவின் பைக்குள் வைக்கலாம் என்றால் புதுத் துணி, பை வாயைத் தையல்காரன் பிரிக்கவே இல்லை. நபுகேரா பெட்டியைத் தன் இடுப்புத் துணியில் சொருகிக்கொண்டாள். மைக் அப்பாவின் வாயில், பெட்டி மகளின் இடுப்பில், நடுவே ஒன்றரை முழ வயர். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அவள் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

"அப்பா, ஆன் பண்ணிட்டேன். நீங்க சும்மா சொல்லுங்க. கத்த வேணாம்." அவள் முணுமுணுத்ததே ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. செகிட்டோ காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

செபுன்யா மகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"என் பொண்ணை உங்களுக்குக் குடுத்துட்டேன்."

மணலைக் கையால் அள்ளுகிற மாதிரி ஒரு குரல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் வந்தது. பந்தலின் கடைசி வரிசைக்கு வந்தது, பின்னால் மட்டோக்கே வாழைக்காய் வெந்துகொண்டிருந்த இடத்துக்கும் போயிற்று. அடுப்படியிலிருந்து முதல் கைதட்டல் வந்தது. பிறகு பந்தல் இரண்டும் எழுந்து நின்றன. நான் அழுதேன். தொழிலில் இருப்பவன் அழக் கூடாது, ஆனாலும் அழுதேன்.

சத்தம் அடங்கியதும் நான் அடுத்த கட்டத்துக்குப் போக வாயெடுத்தேன். செபுன்யா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு, லுப்வாமா. உனக்குக் காது கேக்கலைன்னு சொன்னே. மசாகா வண்டிக்கு நான் ஆள் கூப்பிட்ட காலத்துல நீ வந்திருந்தா, கேக்கலைன்னு சொல்லியிருக்க மாட்டே. ஏறி உக்காந்திருப்பே."

பந்தல் சிரித்து அடங்க வெகு நேரம் ஆயிற்று. நான் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன், அதற்கும் சிரித்தார்கள். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. இரண்டு வருடமாகச் சேர்ந்துபோன பேச்சு உள்ளே இருந்தது போலும். வந்தவர்களை வரிசையாகப் பெயர் சொல்லி வரவேற்றார். ஆஸ்பத்திரி நர்சுக்கு நன்றி சொன்னார். இரண்டு வருடமாக நான் சொல்வது காதில் விழவில்லை என்று சொல்லியே தப்பித்தாய், இன்றைக்கு விழும், கிறிஸ்துமஸ் கறியில் உப்பு அதிகம் என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாள் இடுப்புத் துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். தம்பியை எழுந்து நிற்கச் சொல்லி, எனக்காக எழுதினாயே, அதை வீட்டில் எனக்கு வாசித்துக் காட்டு என்றார்.

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். குரல் இன்னும் தாழ்ந்தது. கிசாக்யே மேசையில் திருகைக் கூட்டினாள்.

"முத்யாபா, இதைக் கேட்டுக்கோ. ஆஸ்பத்திரியில நான் கூப்பிட்டா யாருக்கும் கேக்காது. இவ இந்தப் பெட்டியை என் தலகாணிக்கிட்ட வச்சிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு வராண்டாவுல உக்காந்திருப்பா. நான் தண்ணின்னு நினைச்சு உதட்டை அசைச்சா தண்ணி வரும். பத்தொம்பது நாள். இவ காது ரொம்பக் கூர்மை. நீ பாத்துப் பேசு."

முத்யாபா எழுந்து நின்று, சரி என்று தலையாட்டினார். வாய் திறக்க அவருக்கு அனுமதி இல்லை.

செபுன்யா அத்தோடும் நிறுத்தவில்லை. நபுகேரா பிறந்த கதைக்குப் போனார். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. சமையல்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் பந்தலில் வயிறுகள் பேசின. மகள் அதே இடத்தில், மண்டி போட்டபடி. அப்போதுதான் அவள் இடுப்பில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு மினுக்கியதைப் பார்த்தேன். பதினோரு வருடப் பழக்கம், எனக்குத் தெரியும். இன்னும் ஐந்து நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். தீர்ந்தால் யார் மேலும் பழியில்லை. அவர் தானாக நின்றுவிடுவார், இவள் எழுந்துகொள்ளலாம், சாப்பாடு வரும், நாங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம். முத்யாபாவும் அதைப் பார்த்துவிட்டார். ஜெனரேட்டர்காரர் இல்லையா, மின்சாரம் தீர்வது அவருக்குத் தெரியும்.

நபுகேராவும் பார்த்தாள். கிசாக்யேவை நோக்கி ஒரு விரலைத் தூக்கினாள், ஒலிபெருக்கியில் டப்பென்று சத்தம் வராமல் லைனை மூடச் சொல்லி. இடுப்புத் துணியின் மடிப்புக்குள் கை விட்டு இரண்டு புதுப் பேட்டரியை எடுத்தாள். தன் கல்யாணத்துக்கு உடுத்தின கோமேசிக்குள் பேட்டரி வைத்திருந்த பெண் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பெட்டியைத் திறந்து பழையதை மடியில் போட்டாள், புதியதை அழுத்தினாள். செபுன்யா பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

பச்சை வந்தது. நபுகேரா விரலை இறக்கினாள்.

"ம், இப்ப சொல்லுங்கப்பா."

அவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.